ராட்டினம் நின்னா படம் வரும்

இல்லக்கா, நான் எந்திரிக்க மாட்டேன். ஜன்னலோரம் எனக்குத்தான் வேணும். காத்துக்காக இல்ல. உங்களுக்கு வாந்தி வர்ற மாதிரி இருந்தா சொல்லுங்க, அப்ப மாறிக்குவோம். அதுவரைக்கும் நான் இங்கதான். மொறைக்காதீங்க, எனக்குப் பேச்சே இப்படித்தான் வரும். திருச்சில லா படிக்கிறேன், ரெண்டாவது வருஷம். படிச்சு வந்த வாய் இல்ல இது. இந்த வாயை வச்சுக்கிட்டு வேற என்ன படிக்கிறதுன்னுதான் சேந்தேன்.

எதுக்கு ஜன்னல்னா, அங்க பாருங்க. அந்த ஜவுளிக்கடை மாடிக்குப் பின்னாடி. ராட்டினம் தெரியுதா? சுத்துதுல்ல? அது சுத்துற வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல. ஆறு மணிக்கு நிக்கும். எப்படித் தெரியும்னா, அது எங்கப்பாவோடது.

ஆமா, ராட்டினக்காரர் மக. பாத்தீங்களா, உங்ககிட்ட எவ்வளவு லேசா வருது? ரெண்டு வருஷமா ஹாஸ்டல்ல ஒருத்திகிட்டயும் சொல்லல. நேரா டிவில போய்ச் சொன்னேன்.

இந்தாங்க, டெல்லி அப்பளம். எடுத்துக்கங்க. பஸ் ஏத்திவிட வந்தப்ப அப்பா கையில திணிச்சாரு. இவ்வளவு பெரிய அப்பளத்தைப் பஸ்ல எப்படிக் கொண்டுபோறதுன்னு கேட்டதுக்கு, "மடியில வச்சுக்கம்மா"ங்கிறாரு. நொறுங்காம திருச்சி போய்ச் சேருமா? யோசிக்கவே மாட்டாருக்கா மனுஷன். எதையுமே யோசிக்க மாட்டாரு. நான் அவர் மேலதான் கோவமா இருக்கேன், முதல்லயே சொல்லிட்டேன். கதை கேட்டுட்டு என் மேல கோவப்படாதீங்க.

எங்களுக்கு வீடு கிடையாது. வேன்தான். பழைய ஸ்கூல் வேன். சீட்டெல்லாம் புடுங்கிட்டு உள்ள ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சுவத்துல கம்பி வச்சுக் கட்டுன ஒரு டிவி. பக்கவாட்டுல 'பள்ளி வாகனம்'னு எழுதுனது எத்தனை பெயின்ட் அடிச்சாலும் பல்லைக் காட்டும். திருவிழா எங்கயோ நாங்க அங்க. ராட்டினம் லாரில முன்னாடி போகும், நாங்க வேன்ல பின்னாடி போவோம். அப்பா பேரு காத்தமுத்து. அம்மா டிக்கெட் கிழிக்கும். ஹாஸ்டல்ல, "எங்க வீட்ல கேரவன் இருக்கு"ன்னு சொல்லி வச்சிருந்தேன். அதுல பொய் என்ன இருக்கு? ஓடுற வண்டி, உள்ள கட்டில், கேரவன்தானே? அவளுகளா எங்கப்பா சினிமாக் கம்பெனில இருக்காருன்னு முடிவு பண்ணிக்கிட்டா நான் என்ன செய்ய?

எந்த ஊருக்குப் போனாலும், ராட்டினத்தைப் பூட்டி நிறுத்துறதுக்கு முன்னாடி அப்பா செய்யிற முதல் வேலை, வேன் கூரை மேல ஏறி டிஷ்ஷைத் திருப்புறது. அம்மாவுக்கு ஏழரை மணி சீரியல் போயிரக் கூடாது. கூரை பூரா மஞ்சப் பெயின்ட்ல அம்புக்குறி போட்டு வச்சிருக்காரு. இது மணப்பாறை, இது ஒட்டன்சத்திரம், இது நத்தம்னு ஊர்பேரு வேற. "ஏம்ப்பா, வண்டி நிக்கிற திசை மாறுனா அந்தக் கோடு எப்படிப்பா ஒத்து வரும்?"னு கேட்டேன். "அதனால என்னம்மா, கோட்டுக்குத் தக்கன வண்டியை நிப்பாட்டிக்குவேன்"னாரு. சிரிக்காதீங்கக்கா. நெசமாவே அப்படித்தான் நிப்பாட்டுவாரு. நாலு தடவை முன்ன பின்ன எடுத்து.

அவர் மேல நின்னு திருப்புவாரு, நான் உள்ள டிவி முன்னாடி உக்காந்து கத்தணும். சின்ன வயசுல இருந்து அது என் வேலை. "வருதா?" "வரல!" "இப்ப?" "வருது வருது... போச்சு!" "இப்ப?" "அப்படியே இருங்கப்பா, அசையாதீங்க!" நான் அசையாதேன்னா அவர் மூச்சுகூட விடமாட்டாரு. என் வாக்குதான் அவருக்குக் கண்ணு. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

மணி என்னக்கா? அஞ்சு அம்பத்தெட்டா? சரி.

அந்த டிவி புரோகிராம் நீங்களும் பாத்திருப்பீங்க. ஒரு பக்கம் பெத்தவங்க, ஒரு பக்கம் பிள்ளைங்க, நடுவுல கோட்டு போட்டவர் ஒருத்தர் நின்னு ரெண்டு பக்கமும் கொளுத்திப் போடுவாரு. காலேஜுல வந்து ஆள் எடுத்தாங்க. நல்லா வாயடிக்கிறவங்க வேணுமாம். எல்லாரும் என்னைக் கை காட்டிட்டாளுக. தலைப்பு, 'வீட்டைப் பத்தி வெளிய பொய் சொல்ற பிள்ளைங்க'. ரெண்டு மாசம் முன்னாடி சென்னைல ஷூட்டிங். ஒரு பஸ்ல கூட்டிட்டுப் போனாங்க, ஏசி, சாப்பாடு, முகத்துல பவுடர் எல்லாம் போட்டுவிட்டாங்க. பேரு கேட்டாங்க, ராணின்னேன். பவுன்ராணின்னு சொல்லல. அப்பா வச்ச பேரு அது.

பேசுனேன். நல்லாப் பேசுனேன்க்கா, அதுதான் கஷ்டம். அந்தக் கோட்டுக்காரர் கேட்டாரு, "அப்பா என்ன பண்றாரு?" "ராட்டினம் சுத்துறாரு சார்." "ஃப்ரெண்ட்ஸ்கிட்ட என்ன சொல்லியிருக்கீங்க?" "கேரவன் வச்சிருக்காருன்னு." எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்கு ஏறிருச்சு. "அப்பா காலேஜுக்கு வந்திருக்காரா?" "ஒரு தடவை வந்தாரு. கேட் முன்னாடி அந்த வேனை நிப்பாட்டிட்டு, அழுக்குச் சட்டையோட டெல்லி அப்பளத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. ஷெரின்னு என் ஃப்ரெண்டு, யாருடீன்னு கேட்டா. எங்க வண்டி டிரைவர்னு சொன்னேன்."

எதிர்ப்பக்கம் ஒரு அம்மா கண்ணைத் தொடைக்குது. அந்தாளுக்கு அதுதானே வேணும்! உடனே குரலை எறக்கிக்கிட்டு, "இப்ப அப்பா வீட்ல இதைப் பாத்துட்டு இருப்பாரு. அவருக்கு ஏதாவது சொல்லணுமா?"ங்கிறாரு. என்னை அழ வைக்கப் பாக்குறாரு. நான் அழுவேனா? என்ன சொன்னேன் தெரியுமா? "நான் என்ன சொன்னாலும் அவருக்குப் போய்ச் சேராது சார். எங்க வண்டில டிவி எடுக்காது. அவரு கூரை மேல நின்னு டிஷ்ஷைத் திருப்பிக்கிட்டே இருப்பாரு, அதுக்குள்ள உங்க புரோகிராம் முடிஞ்சிரும்."

கைதட்டு. என்ன கைதட்டுங்கிறீங்க! அந்தாளே கைதட்டுனாரு. தட்டிக்கிட்டே மைக்கை வாங்கி அடுத்த பையன்கிட்ட குடுத்துட்டாங்க.

அவ்வளவுதான். இன்னும் ஒரே ஒரு நிமிஷம் மைக்கு என் கையில இருந்திருந்தா நான் வேற சொல்லியிருப்பேன். அது அவங்க தப்பு. சொல்லியிருப்பியான்னு கேக்காதீங்க.

வந்து அப்பாகிட்ட போன்ல சொல்லிட்டேன், டிவில பேசியிருக்கேன்னு. சொல்லாம இருந்திருக்கலாம். சுடுதண்ணி பிளாஸ்க்கு ஒண்ணு பரிசாக் குடுத்தாங்க, அந்தக் குஷில சொல்லிட்டேன். "என்னம்மா தலைப்பு?" "குடும்பம்ப்பா." பொய்யா அது? குடும்பம்தானே?

இந்தா... நிக்குதா? பாருங்கக்கா, நின்னுருச்சு! ஆறு மணி. நான் சொன்னேன்ல? நம்ம டிரைவர் இன்னும் டீக்கடையிலயா இருக்காரு? சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்கக்கா. அந்த ராட்டினம் நின்னுருக்கிறதை என்னால பாக்க முடியல. பாக்காம இருக்கவும் முடியல, அதான் ஜன்னல்.

எதுக்கு நிக்குதுன்னுதானே? வர்றேன். திருவிழாவுக்கு லீவுல வந்தேன். வந்து பாத்தா மைதானம் பூரா சொல்லி வச்சிருக்காரு. பலூன் சுடுறவரு, பஜ்ஜிக்கடைக்காரங்க, இந்த டெல்லி அப்பளம் போடுற முனியம்மக்கா, எல்லாருக்கும். "ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு எம் பொண்ணு டிவில வருது, வேன்கிட்ட வந்துருங்க." எனக்கு ஒரே நம்பிக்கை டிஷ்ஷுதான். அது எடுக்கலேன்னா பொழைச்சேன்.

கூட்டத்துக்கு இடம் விட்டு முந்துன நாள் ராத்திரிதான் வேனை நகத்தியிருந்தோம், அதனால ஞாயித்துக்கிழமை விடியக்காலைல ஏறிட்டாரு கூரை மேல. "பவுனு, வருதாம்மா?" டிவில பளிச்சுனு செய்தி ஓடுது. நான், "வரல"ன்னேன். "இப்ப?" "வரல." "இப்பம்மா?" "வரலப்பா, விடுங்க, இந்த இடத்துல எடுக்காது." விடுவாரா? ஒன்பது மணி வரைக்கும் திருப்புறாரு. செருப்புப் போட்டா வழுக்கும்னு வெறுங்காலோட நிப்பாரு எப்பவும். தகரக் கூரை. ஒன்பது மணி வெயிலு. தகரத்துல கால் மாத்தி மாத்தி வைக்கிற சத்தம் கேக்குது எனக்கு. டங்கு, டங்குனு. நான் உள்ள உக்காந்து, நல்லா வர்ற படத்தைப் பாத்துக்கிட்டே, வரல வரலங்கிறேன்.

நீங்க என்ன அப்படிப் பாக்குறீங்க? அவரைக் காப்பாத்தத்தானே சொன்னேன்? எனக்காகவா சொன்னேன்? சரி, எனக்காகவும்தான்.

அப்புறம் சந்தனம் மாமா, ராட்டினத்துல மோட்டார் போடுறவரு, தீப்பெட்டி வாங்க உள்ள வந்தாரு. டிவியைப் பாத்துட்டுக் கத்துறாரு, "அண்ணே, எறங்குண்ணே! கண்ணாடியாட்டம் வருது!" அப்பா எறங்கி வந்தாரு. பாதம் ரெண்டும் செவந்து கெடக்கு. படத்தைப் பாத்தாரு. என்னையும் பாத்தாரு. "இப்பத்தான் வந்துச்சாம்மா?" "ஆமாப்பா, இப்பத்தான்." "நல்லவேளை"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

ஆனா ஒரு தப்புப் பண்ணிட்டாருக்கா. ராட்டினக்காரன் மட்டுமே பண்ணக்கூடிய தப்பு. இந்த மைதானத்துல இடம் பத்தல, அதனால வேன் ராட்டினத்தோட காலடியிலயே நிக்குது. டிஷ்ஷு ஏறக்குறைய வானத்தைப் பாத்துத்தான் இருக்கும். அவர் காலைல திருப்பி வச்சப்ப ராட்டினம் ஓடல. ஆள் உக்கார்ற ரெண்டு பெட்டிக்கு நடுவுல இருந்த சந்து வழியா சிக்னல் எறங்கியிருக்கு. தேரோட்டத்தன்னைக்கு ராட்டினம் சும்மா நிக்குமா? பதினோரு மணிக்கே கூட்டம். ஓட ஆரம்பிச்சதும், ஒவ்வொரு பெட்டி குறுக்க வர்றப்பவும் படம் கட்டம் கட்டமா ஒடைஞ்சு நிக்குது. பெட்டி போனதும் ஓடுது. அடுத்த பெட்டி. நிக்குது. ஆள் ஏத்தி எறக்க ராட்டினத்தை நிப்பாட்டுற நேரத்துல ஒரு பெட்டி நேரா வந்து நின்னுச்சுன்னா, அது நகர்ற வரைக்கும் நீலக் கலர்தான்.

டிவியை வேன் வாசல்ல தூக்கி வச்சிருந்தாரு. முப்பது பேராவது இருக்கும், வெயில்ல குடை புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நான் பன்னெண்டே முப்பத்தஞ்சுக்கு வந்தேன். ரெண்டாவது விளம்பரம் முடிஞ்சு. எனக்கு முன்னாடி ஒரு கண்ணாடி போட்ட பையன் பேசுவான், அப்புறம் நான். நல்லா ஞாபகம் இருக்கு, கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தேன். எல்லாப் பெட்டியும் வந்து மறைச்சுச்சே, என்னைய மறைச்சுச்சா? இல்ல. "ராட்டினம் சுத்துறாரு சார்" - தெளிவா. "எங்க வண்டி டிரைவர்னு சொன்னேன்" - தெளிவா, என் பல்லுகூடத் தெரியுது. எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பாக்குறாங்க. அப்பா சிரிக்கிறாரு. "ஆமா, நான்தானே ஓட்டுறேன்? டிரைவர்தானே"ங்கிறாரு அவங்ககிட்ட! அப்புறம், "அந்த ஷெரின் புள்ள தங்கமான புள்ள. டிரைவர் அண்ணா சாப்டீங்களான்னு கேட்டுச்சு"ங்கிறாரு. டீயைக் குடிக்காமலே கிளாஸைக் கீழ வச்சுட்டாரு.

அடுத்தது, "போய்ச் சேராது சார்." கூரை மேல நின்னு டிஷ்ஷைத் திருப்பிக்கிட்டே இருப்பாருன்னு டிவில நான் சொல்றேன். வேன் வாசல்ல அவர், கால்ல தேங்காண்ணெய் தடவிக்கிட்டு, கேட்டுட்டு நிக்கிறாரு. டிவிக்குள்ள கைதட்டு. வெளிய ஒருத்தரும் தட்டல.

அப்பப் பாத்து ராட்டினம் ஆள் ஏத்த நின்னுச்சு. ஒரு பெட்டி நேரா வந்துருச்சு. படம் போயிருச்சு. ஒரு நிமிஷம் இருக்கும்க்கா, நீலமாவே இருந்துச்சு. திரும்பி வர்றப்ப வேற பையன் பேசுறான்.

முனியம்மக்கா குனிஞ்சு புடவையச் சரி பண்ணுது. அப்ப அப்பா கேட்டாரு, எல்லார் முன்னாடியும். "பவுனு, அந்த மறைஞ்ச நேரத்துல நீ என்னம்மா சொன்ன?"

நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? சொல்லுங்க. உண்மையைச் சொல்லியிருக்கணும்ங்கிறீங்களா? பஸ்ல உக்காந்து அப்பளம் தின்னுக்கிட்டே சொல்றது சுலபம்க்கா. சரி, சாரி. சாப்பிடுங்க.

"நல்லதாத்தான்ப்பா சொன்னேன்"னேன்.

அவர் முகத்தை நீங்க பாத்திருக்கணும். மைதானத்துல ராத்திரி பூரா கரண்டு இல்லாம இருந்து சட்டுனு எல்லா சீரியல் லைட்டும் எரிஞ்சா எப்படி இருக்கும்? அப்படி. கூட்டத்தைப் பாத்துச் சொல்றாரு, "கேட்டீங்களா? பெட்டி மறைச்சிருச்சு. அதுக்கப்புறம்தான் புள்ள நல்லதாச் சொல்லியிருக்கு. முதல்ல சிரிக்க வச்சு, கடைசில நல்லதாச் சொல்றதுதானே பேச்சு? செவ்வாக்கிழமை ஆறு மணிக்கு இதையே மறுபடி போடுறான். எல்லாரும் வந்துருங்க. அன்னைக்கு ராட்டினத்தை நிறுத்திருவோம்."

ராட்டினத்தை நிறுத்துறாராம். கடைசி நாள் திருவிழா, ஆறு மணி, ரோடு வரைக்கும் கூட்டம் நிக்கும். எனக்குக் காய்ச்சல்ல வலிப்பு வந்த அன்னைக்குக்கூட சந்தனம் மாமாகிட்ட லிவரைக் குடுத்துட்டுத்தான் என்னைத் தூக்கிட்டு ஓடுனாரு, ராட்டினம் நிக்கல. அம்மா அன்னையில இருந்து என்கிட்டப் பேசல. ரெண்டு நாளா சோறு போடுது, தட்டை வைக்குது, மூஞ்சியப் பாக்கல. அம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு நெனக்கிறேன். அப்பாவுக்குத் தெரியல. அவருக்கு எதுவுமே புரியாதுக்கா. சொன்னா அப்படியே நம்பிருவாரு. வரலேன்னா வரல, நல்லதுன்னா நல்லது. இப்படி ஒரு மனுஷன் இருந்தா அவருக்கு மகளா இருக்கிறவ என்னதான் செய்வா? ரெண்டு நாளா சிக்னல் நல்லா விழுற மாதிரி ராட்டினத்தை எந்த இடத்துல நிறுத்தணும்னு பாத்து, சக்கரத்துல சுண்ணாம்புக் கோடு போட்டு வச்சிருக்காரு. அங்கயும் கோடு!

அதான் கெளம்பிட்டேன். நாளைக்குப் பரிச்சைன்னு சொன்னேன். பரிச்சை அடுத்த வாரம். "இரும்மா, ஒரு மணி நேரம்தானே, பாத்துட்டுப் போ"ன்னாரு. "பஸ் போயிரும்ப்பா." "சரி சரி, படிப்பு முக்கியம்." அப்பளத்தை வாங்கித் திணிச்சுட்டு ஓடுறாரு, ஆறு மணிக்குள்ள போகணும்னு. கால் கொப்புளத்தோட ஓடுறாருக்கா, நொண்டி நொண்டி.

இப்ப அந்த வாசல்ல எல்லாரும் நிப்பாங்க. ராட்டினத்துல ஏறுனவங்க பாதில தொங்கிக்கிட்டுக் கத்துவாங்க. முழுசா வரும் இன்னைக்கு. ஒரு பெட்டியும் மறைக்காது. ஆறே முப்பத்தஞ்சுக்கு நான் வருவேன், போய்ச் சேராது சார்ம்பேன், கைதட்டுவாங்க, மைக்கு அடுத்த பையன் கைக்குப் போகும். நடுவுல ஒண்ணுமே இருக்காது. நல்லது எங்கன்னு தேடுவாரு. எல்லார் முன்னாடியும் தேடுவாரு. அதுக்குள்ள நான் இந்த ஊரைத் தாண்டிரணும்.

இருங்க.

சுத்துதே! அக்கா, அது சுத்துதுல்ல? என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதா? சுத்துது! பாருங்க இந்த மனுஷனை! அதுக்குள்ள ஓட்டிட்டாரு! முப்பத்தஞ்சு நிமிஷம் பொறுக்க முடியல. கூட்டத்தைப் பாத்ததும் எல்லாம் மறந்துபோச்சு. அவ்வளவுதான் நான். கடைசில பொழப்புதான் முக்கியம், பொண்ணு என்ன சொன்னா யாருக்கு என்ன? இதுக்கா நான் ரெண்டு நாளா சோறு எறங்காம...

போன் அடிக்குது. அப்பாதான். ஒரு நிமிஷம்க்கா.

"சொல்லுங்கப்பா... இல்லப்பா, இன்னும் எடுக்கல... உக்காந்துட்டேன்... ம், ஜன்னலோரம்தான்... என்னது?... வந்துச்சா?... முழுசாவா?... எல்லாருமா?... அம்மாவுமா?... ம்... ம்... சரிப்பா... எழுதுறேன்ப்பா... இருக்குப்பா, நொறுங்கல... சரிப்பா."

வச்சுட்டாரு.

'முழுசா வந்துச்சும்மா'ங்கிறாரு. ராட்டினத்தை நிறுத்தி வச்சுக் கேட்டோம், ஒரு பெட்டியும் மறைக்கல. நீ சொன்ன நல்லதெல்லாம் கேட்டோம், முனியம்மா கேட்டா, சந்தனம் கேட்டான், உங்கம்மா கேட்டுட்டு அழுதுட்டா. அப்பாவுக்கு வந்து சேந்துருச்சும்மா. நீ எதையும் நெனக்காம பரிச்சை எழுதுங்கிறாரு. இனி அதைப் பத்திப் பேச்சே வேண்டாம், முடிஞ்சிருச்சுங்கிறாரு. பின்னாடி ராட்டினம் ஓடுற சத்தம் கேக்குது.

அக்கா, மணி என்ன?

சரியாப் பாருங்க. ஆறு பதினெட்டா? உங்க வாட்ச் கரெக்டா ஓடுதா? அங்க, பஸ் ஸ்டாண்டு மணியைப் பாருங்க. அதுவும் பதினெட்டா?

இன்னும் முதல் விளம்பரமே வந்திருக்காதேக்கா. அந்தக் கண்ணாடி போட்ட பையன்கூட வந்திருக்க மாட்டானே. டிவில நான் இன்னும் வாயே திறக்கலியேக்கா.